சில்லறை

ஊத்துக்கோட்டை அரசு ஆஸ்பத்திரி,
ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில்.
வலது கால் மாவுக்கட்டில்.
பெயர் யுகந்தர், வயது பதினாறு,
சத்தியவேடு ரோட்டில் மிளகாய் லாரிக்கு ஒதுங்கி
பைக்கோடு பள்ளத்தில் விழுந்தவன்.

முதல் ராத்திரி வலி என்றான்.
ஊசி போட்டேன்.
இரண்டாம் ராத்திரி வலி இல்லை என்றான்,
தூக்கமும் இல்லை.
டீ கேட்டான். மறுபடி டீ.
ஃபேனைத் திட்டினான், தெலுங்கில் ஒரு தரம்,
பக்கத்துக் கட்டிலுக்காகத் தமிழில் ஒரு தரம்.
கட்டின் ஓரத்துப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து
விரல் நடுவே வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அந்தச் சுருட்டலை எனக்குத் தெரியும்.
என் வீட்டுக்காரர் விட்ட வாரம்
பஸ் டிக்கெட்டெல்லாம் அப்படித்தான் ஆயின.

"எத்தனை?" என்றேன்.
"என்ன எத்தனை?"
"ஒரு நாளைக்கு."
கூரையைப் பார்த்தான். "லேதக்கா."
"கண் முழிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் ஒண்ணு?"
இதை மட்டும் யோசிக்காமல் சொன்னான்:
"ஷட்டர் ஏத்தினதும்."

காலையில் டாக்டர் நஸ்ரீன்
நிகோடின் சூயிங்கம் அட்டையோடு வந்த தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
பொடி எழுத்தை இரண்டு முறை படித்தார்.
பதினெட்டு ஆகவில்லை. யோசித்தார்.
"புகை நின்னாதான் எலும்பு சீக்கிரம் கூடும்.
அம்மாகிட்ட நானே பேசறேன்."
"வேணாம் மேடம்.
கால் கூடாட்டியும் பரவால்ல."

அம்மா பெஞ்சலம்மா.
சோதனைச்சாவடி தாண்டி நாலாவது பெட்டிக்கடை.
பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பனை இல்லை
என்ற தகரப் பலகை
இரண்டு மொழியிலும் தொங்குகிற கடை.
பலகைக்குக் கீழே கயிறு,
கயிற்று நுனியில் நெருப்பு.
பஸ் நிற்கிற ஐந்து நிமிஷத்துக்குச் சில்லறையாக
ஒன்று, இரண்டு.

பத்து மணிக்கு வந்தாள், சோற்றுத் தூக்கோடு.
டாக்டர் தமிழில் ஆரம்பித்தார்,
நான் தெலுங்கில் முடித்தேன்.
அவள் முகத்தில் எதுவும் நகரவில்லை.
பைக்குள்ளிருந்து கடன் நோட்டை எடுத்தாள்.
கடைசிப் பக்கம். பெயர் இல்லாத ஒரு கணக்கு.
மூன்று. மூன்று. நான்கு.
பரீட்சை நடந்த மாதம் ஆறு.
அவன் அப்பா நெல்லூர் போய்த் திரும்பாத வாரம்
ஒன்பது, அடிக்கோடு.
ஒன்றரை வருஷம்.

"பாக்கெட்டுக்குப் பத்துதானேம்மா" என்றாள்.
"எண்ணத் தெரியாதவளா கடை வெப்பா?"

"அவனைக் கேக்கலையா?"

தூக்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.
"எந்த வாயால கேக்க?
அவன் ஸ்கூல் ஃபீஸும்
அந்த டப்பாவுலதானே கெடந்துச்சு."

யுகந்தர் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான்,
கால் விடவில்லை.
கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.
நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்:
மிட்டாய் மாதிரி மெல்லாதே. மெதுவாக.
நாக்கில் மிளகுக் காரம் சுரீரென்றதும்
நிறுத்தி, கன்னத்தில் ஒதுக்கு.
காரம் அடங்கினதும் மறுபடி.
அவசரப்பட்டு விழுங்கினால் விக்கல் வரும்.
"நாகலாபுரம் மிளகாயை விடவா?" என்றான்.
விக்கினான்.
ஏழு நாளில் அன்றைக்குத்தான்
அம்மாவும் பிள்ளையும் ஒரே பக்கம் பார்த்துச் சிரித்தது.

சாயங்காலம் கிளம்பும்போது பெஞ்சலம்மா
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது சில்லறையா குடுப்பாங்களா?
ஒண்ணு என்ன விலை?"
பிள்ளைக்கா, கடைக்கா என்று
நான் கேட்கவில்லை.

அவன் வீட்டுக்குப் போன மறுநாள்
கூட்டுகிற தேவசகாயம் கூப்பிட்டுக் கத்தினார்.
ஏழாம் கட்டிலின் அடிக்கம்பியில்
வரிசையாக ஒட்டிய சாம்பல் உருண்டைகள்.
சுரண்டச் சொல்லிவிட்டு நானும் குனிந்தேன்.
தலைமாட்டில் நெருக்கமாக,
கால்மாட்டுக்கு வர வரக் கொஞ்சம் தள்ளித் தள்ளி,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

முப்பத்திரண்டு வரை எண்ணினேன்.
அதற்குள் எட்டாம் கட்டில் கூப்பிட்டது.