பத்து எண்ணும் வரை

நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில்,
மூன்று குளிர்காலம் கிடந்த டப்பா.
மூடியில் என் கையெழுத்து: தொடாதே.
யாருக்கு எழுதினேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

துலூத்தில் இன்று பள்ளி இல்லை, தபால் இல்லை.
ஏரி எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று
சொல்ல ஆளில்லை.
பனி வாரும் வண்டிக்குக் கிளம்பிய டுவேன்
பூட்ஸில் கால் நுழைத்தபடி கேட்டான்:
வேர்னா, நாள் முழுக்க என்ன செய்வாய்?
ஒன்றுமில்லை என்றேன்.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
பதிமூன்று படி தூக்கிவந்தேன்.

கல்லாகிப்போன சிவப்பு.
பாதி பிழைத்திருக்கும் பச்சை.
இலை, நட்சத்திரம், கப்பல் என்று தகர அச்சுகள்;
கப்பலுக்கு மட்டும் மூக்கில் துரு.
கட்டைவிரல் இல்லாத கையுறை ஒன்று, ஊசி குத்தியபடியே.
அடியில் ஒரு நீர்வண்ணப் படம்:
துறைமுகத்துத் தூக்குப் பாலம், முழுக்க உயர்ந்து.
கீழே போகவேண்டிய கப்பலை நான் வரையவே இல்லை.
பாவம், மூன்று வருஷமாய்
யாருக்காகவோ தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கடைசி ஆர்டரைச் சொல்லிவிடுகிறேன்.
கல்யாணம். தொண்ணூற்றாறு குக்கீ.
ஒவ்வொன்றிலும் மணப்பெண் பெயர், நீலத்தில்.
ஓரெழுத்து இடம் மாறி
கிர்ஸ்டன் கிரிஸ்டன் ஆகிப்போனாள்,
தொண்ணூற்றாறு முறை.
அவள் அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
பணத்தை எண்ணி மேசையில் வைத்து
"உங்களுக்கும் வேலை அதிகம் போல" என்றாள்.
வேலை.
அந்தச் சொல் எந்த வழியாக என் சமையலறைக்குள் வந்தது என்று
இரவெல்லாம் தேடினேன்.
விலைப்பட்டியலை அச்சடித்து
ஃப்ரிட்ஜில் ஒட்டியவளே நான்தான்.

இன்று முதல் தட்டு கருகியது.
ஓவனுக்கும் என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.
முட்டை வெள்ளை, பொடித்த சர்க்கரை,
தோள் வலிக்க அடித்து, கொஞ்சம் தண்ணீர்.
கத்தி நுனியால் நடுவே ஒரு கோடு கீறினேன்.
அது தானாக மூடிக்கொள்ள
பத்து எண்ண வேண்டும்; அதுதான் பதம்.
ஆறிலேயே மூடிக்கொண்டது.
சர்க்கரை சேர்த்தேன்.
இருபத்திரண்டு எண்ணியும் வாய் பிளந்தே கிடந்தது.
ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.
பத்து.

எனக்கு மூன்று வருஷம் ஆனது.
எந்தக் கத்தி என்று கேட்காதீர்கள், மேலே சொன்னதுதான்.

கை நடுங்கி, விளிம்புக்கோடு
குடித்தவன் நடந்த பாதை மாதிரி போனது.
உள்ளே நீலம் ஊற்றினேன்.
ஊசியால் இழுத்துவிட, ஓரம்வரை மெல்லப் போய்
தானே நின்றது.
பெயர் எதுவும் எழுதவில்லை.
வைக்க இடமில்லாமல் கப்பலை மட்டும்
அந்தப் படத்தின் மேலேயே காயவைத்தேன்.

லைல் கதவைத் தட்டினான்.
கார் பேட்டரி செத்துவிட்டதாம், இணைப்புக் கம்பி வேண்டுமாம்.
காய எட்டு மணி நேரம் ஆகும், தொடாதே
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
பாதிக் கப்பல் அவன் வாயில்.
எண்ணத் தொடங்கினேன், ஒன்று, இரண்டு...
கோபம் நான்கிலேயே மூடிக்கொண்டது.

"யாருக்கு இவ்வளவும்?"
"யாருக்கும் இல்லை."
"அப்படியானால் இன்னொன்று எடுக்கிறேன்."

சன்னல் வழியே பார்த்தேன்.
இரண்டு முறை இருமிவிட்டு வண்டி உறுமியது.
என்னைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தான்,
பல்லெல்லாம் நீலம்.

திரும்பி வந்தால்,
பாலத்துக்குக் கீழே ஒரு வெண்ணெய்க் கறை,
சரியாகக் கப்பல் அளவில்.
துடைக்கத் துணி எடுத்தேன்,
கீழே போட்டேன்,
பென்சிலைத் தேடி
அதற்கொரு புகைபோக்கி வைத்தேன்.