கேள்வி ஏழு

இறுதியாண்டுத் தாளுக்கு
ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்.
மல்லாவி விடுதியில் இருந்து எழுதுகிறேன்,
கரண்ட் போன பிறகு.

ஐயன்கன்குளம். இரவு ஒன்பதே கால்.
யானைக்காவலுக்குப் போன குலநாயகத்தைக்
கண்ணாடிப் புடையன் கடித்துவிட்டது.
மருந்து ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது.
அம்புலன்சும் இருக்கிறது.
சாரதி வெற்றிடம், இரண்டு வருடமாய்,
கொழும்பில் ஒரு கோப்புக்குள்.
லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி வருகிறார்கள்.
பாலத்துக்கு மேலால் தண்ணீர்.

அ. விஷமுறிவு மருந்தின் அளவு என்ன?

இதை எல்லாரும் எழுதிவிடுவார்கள்.

ஆ. அவர் இறந்த இடம் எது?
பாலமா, கோப்பா?

துறைத்தலைவர் போனில் சொன்னார்:
"ஆ-வை வெட்டும் ஐசே,
இதுக்குப் புள்ளித்திட்டம் இல்லை."

வெட்டவில்லை.
பத்துப் புள்ளி போட்டு
விடைக்கு ஒன்றரைப் பக்கம்
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.
எனக்கும் தேவைப்படும்.