கீழே போகும் பெட்டி

வல்பரைசோவில் மலையேறும் பெட்டிகள் இரண்டு.
ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும்.
ஒரே கம்பிவடம்.
அதை இயக்கும் ரோசல்பாவுக்குப்
பதினோரு வருடமாக இது கைப்பழக்கம்,
யோசித்துப் பார்த்ததில்லை.

இரவு
தகரச் சுவர் வீட்டில் விளக்கணைத்ததும்
இன்ஸ்பெக்டர் வருவார்.
முந்நூறு பெசோ குறைகிறதே என்று
மதியம் கேட்ட அதே குரல்,
மீசையைத் தடவும் அதே விரல்.
அப்போது வாயடைத்து நின்றவள்
இப்போது போர்வைக்குள் வக்கீல்.
ஒரு பதில் சொல்வாள். போதாது.
கூர் தீட்டி இன்னொரு முறை.
ஒரு மணிக்கு அவரை வேலையை விட்டே நீக்கிவிடுவாள்.
இரண்டு மணிக்கு மறுபடி வந்து
முதலிலிருந்து கேட்பார்.

தூக்கம் துறைமுகத்துக் கூலி மாதிரி,
மூட்டைக்குள் என்ன என்று கேட்காது.
கடைசியாகத் தோளில் வைத்ததை
விடியும்வரை சுமக்கும்.
ஆளில்லாத கீழ்நிலையத்துக்கு
இருட்டில் இறங்குகிறது பெட்டி,
உள்ளே இன்ஸ்பெக்டர் மட்டும், விழித்தபடி.

காலையில் ஏறி வந்தது
தாடை வலி.
ரொட்டியில் உப்பு அதிகம், மூடுபனி அதிகம்,
கடல்சிங்கங்கள் கத்துவதும் அதிகம்.
பள்ளிப் பையன் அமாரோ
சில்லறை தேடிப் பையைக் கவிழ்த்தபோது
"உங்கம்மா உனக்கு எண்ணச் சொல்லித் தரலையா?"
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது:
குரல் அவளுடையதில்லை.
மீசை வைத்த குரல்.

பக்கத்து வீட்டு ஃப்ரொய்லான்
மீன் சந்தையில் ஐஸ் உடைப்பவன்.
அவன் நாயின் பெயர் பொத்தோன்
(நம் சட்டைப் பொத்தானுக்குக் கப்பல் வழிச் சொந்தம்).
ஓர் இரவு சுவர் வழியே கேட்டது,
நாய்க்கு அவன் அன்றைய கணக்கை ஒப்பித்துக்கொண்டிருந்தான்:
இன்றைக்கு ஒரு விலாங்கு, உன்னைப்போல் மூன்று மடங்கு நீளம்.
காஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான்,
மேடேறும்போதும் தாளம் தப்பவில்லை.
எத்தெல்வினா கடையில் சீமைமாதுளை வேகிற வாசனை.
அப்புறம், பொத்தோன்,
ஐஸில் மரத்துப்போன விரல்கள்
வெந்நீருக்குள் ஒவ்வொன்றாக
என்னிடம் திரும்பி வந்தன.

நாய் ஒன்றும் சொல்லவில்லை.
ரோசல்பா அடுத்ததற்குக் காத்திருந்தாள்.
காத்திருந்தபடியே விடிந்துவிட்டது.

அன்று டிக்கெட் ஜன்னலில்
மர விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தது அவள் கை.
தட், தடதட், தட்.
எங்கே பிடித்த தாளம் என்று
அவளுக்கே தெரியாது.

இங்கே நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது.
ஆனால் ஃப்ரொய்லான் நாயோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்,
பத்து நாள்.
சுவர் வெறும் தகரமானது.
முதல் இரவே இன்ஸ்பெக்டர்
நாற்காலியும் கொண்டுவந்தார்.

மூன்றாம் இரவு அவளே ஆரம்பித்தாள்,
வெட்கப்பட்டுக்கொண்டு, தலையணையிடம்:
இன்றைக்கு...
இன்றைக்கு ஒன்றுமில்லை. மழை.
இல்லை, இரு. அமாரோவின் ஷூ லேஸ்
இரண்டும் வேறு வேறு நிறம்.
அவ்வளவுதான் வந்தது. அடுத்ததைத் தேடுவதற்குள்
முந்நூறு பெசோ, என்றது மீசை.
வருகிறேன், என்றாள்.
ஒன்று பச்சை. இன்னொன்று
இன்னொன்று
என்ன நிறம்

காலையில் தாடை வலித்தது, கொஞ்சம்.
மூடுபனி விலகவில்லை.
கணக்கில் முந்நூறு இன்னும் குறைந்தபடியே இருந்தது.
அமாரோ வந்ததும்
ஜன்னலுக்கு வெளியே எட்டி
அவன் கால்களைப் பார்த்தாள்.
"ஆரஞ்சு!" என்றாள்.
எதற்கென்று சொல்லவில்லை.
பையன் ஒரு கணம் மிரண்டு
பிறகு அந்தக் காலை
நன்றாகத் தூக்கிக் காட்டினான்.

மேலே ஒரு பெட்டி. கீழே ஒரு பெட்டி.
மணியடித்தாள்.