பலகை முப்பத்தொன்று

ஆகஸ்ட். ஃபியோர்டில் தண்ணீர் பதினாறு டிகிரி.
ஒட்வார் சங்கிலியை இழுக்க
மிதவையின் அடியிலிருந்து பலகைகள் வருகின்றன
நாலு மாதக் கடலை உடுத்திக்கொண்டு.

பூச்சே இல்லாதது முதலில்.
அதில் யாருக்கும் இடம் போதவில்லை:
கொட்டலசின் மேல் கொட்டலசு, அதன்மேல் மட்டி,
மட்டியின் முதுகில் பாசி,
பாசிக்குள் நகமளவு நண்டு ஒன்று
என் கையுறையிடம் கொடுக்கை ஓங்குகிறது.
நூறு சதவீதம், என்று எழுதுகிறேன்.

அடுத்தது செம்பு.
ஆஸ்பத்திரித் தரை மாதிரி துப்புரவு.
செம்புக்குத் துணையாக முன்பு ஒரு மருந்து கலந்தார்கள்,
பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்தது.
எதிர்ப் பாறையில் எண்ணுவதற்கு
நத்தைகள் திரும்பி வந்ததே போன வருடம்தான்.

முப்பத்தொன்று எங்களுடையது.
துளி விஷமில்லை. கொல்லாது.
பிடி கொடுக்காது, அவ்வளவுதான்.

கொட்டலசுக் குஞ்சு ரவையளவு.
இரண்டு உணர்கொம்பால் நடந்து நடந்து
தரையைத் தட்டிப் பார்க்கும்.
பிடித்துவிட்டால் தலையை ஊன்றி ஒட்டிக்கொள்ளும்,
பிறகு ஆயுசு முழுக்கத் தலைகீழ்,
காலால் அள்ளித்தான் சாப்பாடு.

வளர்ந்த ஒன்றின் இடுப்பில்
விசைமானியை வைத்துத் தள்ளுகிறேன்.
முள் அசையுமுன்னே வழுக்கி விழுந்தது.
ஒட்வார் விசிலடிக்கிறான்.

ஆனால் இடது கீழ்ப்பக்கம்
ஏழு பேர், பஸ்ஸுக்கு நிற்பதுபோல் வரிசையாக.
தள்ளினேன்.
ஒன்றின் ஓடு நொறுங்கியது, அடி வரவில்லை.
அடியில் ஒரு கீறல், இரண்டு விரல் நீளம்.

பிப்ரவரி. பூச்சு காய்ந்த மறுநாள்.
விரல் மரத்து, ஸ்பேனர் நழுவி...
யாரும் பார்க்கவில்லை,
துடைத்துவிட்டு மாட்டினேன்.

சாயங்காலம் ரோட்டர்டாமிலிருந்து போன் வரும்.
பாஸா, என்று மட்டும் கேட்பார்கள்.

"ஓரத்தை எப்பவும் விட்டுத்தானே எண்ணுவோம்,"
என்கிறான் ஒட்வார், பிளாஸ்க்கைத் திருகியபடி.
ஓரம் ஒரு சென்டிமீட்டர்.
இது நாலு.
தவிர, கப்பல் மட்டும் உரசாமலா போகும்?
நங்கூரச் சங்கிலி, துறைச் சுவர், பனிக்கட்டி.

ஈரத்தில் பென்சில்தான் எழுதும்.
ஏழு. கீறலின் மேல்.
கீறியது: துரீட்.

பலகையை மறுபடி இறக்குகிறோம்.
மிச்சம் ஆறு.
தண்ணீர் மூடியதும் கதவுகள் திறந்து
கால்கள் விரிந்து வீசத் தொடங்கின.
ஒரு முழம் ஆழம் வரை தெரிந்தது,
அப்புறம் பச்சை.

காப்பி ஆறிவிட்டது என்கிறான்.