காத்து

பதினேழாம் இழுப்பில்
கயிறு மட்டும் கையோடு வந்தது.
பின்பக்கமாக விழுந்தேன், நண்டுக்கூடை மேல்.
நண்டில்லாத கூடை. அதுவரைக்கும் நல்லது.

ஜாம்புவானோடைத் துறை. மணி அஞ்சே கால்.
கோரையாறு வடிந்துகொண்டிருக்கிறது.
இன்னும் முக்கால் மணி போனால்
சேறு படகைப் பிடித்துக்கொள்ளும்,
அப்புறம் அடுத்த ஏற்றம் வரைக்கும்
கொக்குக்கு வேடிக்கை நான்.

எட்டுக் குதிரை மோட்டார். இரண்டு பேர் பங்கு.
ஓடாமல் கிடப்பது என் பாதியா
மச்சான் சிங்காரவடிவேலின் பாதியா என்று
பிரித்துச் சொல்ல முடியாத பொருள்.
பேச்சு நின்று எட்டு மாதம்.
திங்கள் புதன் வெள்ளி எனக்கு,
செவ்வாய் வியாழன் சனி அவனுக்கு.
ஞாயிறு மோட்டாருக்கு.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பிளக்கைத் திருகி எடுத்தால் நனைந்திருக்கிறது.
முகர்ந்தேன். பெட்ரோல் வாடை இல்லை.
நாக்கு நுனியில் வைத்தேன். உப்பும் இல்லை.
அப்படியென்றால் வானத்துத் தண்ணீர்.
நேற்று ராத்திரி மழை
டேங்க் மூடி வழியாக இறங்கியிருக்கிறது.
பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன்:
மேலே பெட்ரோல், அடியில்
உருண்டு உருண்டு மழை.
மேட்டூரைத் திறக்கச் சொல்லி மனுப்போடுகிற ஊரில்
என் டேங்குக்கு மட்டும்
கேட்காமல் வந்து நிற்கிறது.

கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டினேன்.
பித்தளை ஜெட்டின் கண்ணில்
டேங்கின் துரு ஒரு துணுக்கு.
கம்பி விட்டால் துளை பெருக்கும்,
பெருத்தால் மோட்டார் குடிகாரனாகிவிடும்.
வலையில் நரம்பு ஒரு சாண் அறுத்து விட்டேன்.
போனது, வந்தது.
அந்தக் கண் வழியாகக் கிழக்கைப் பார்த்தேன்.
ஒரு புள்ளி அளவுக்கு வெளுத்திருந்தது.

பிளக்கை லுங்கியில் துடைத்து மாட்டி
அறுந்த கயிற்றை முடிச்சிட்டு
சக்கரத்தின் பள்ளத்தில் மூன்று சுற்று.
இழுத்தேன். இருமியது.
மறுபடி. பிடித்துக்கொண்டது!
நீலப்புகை அலையாத்திக்குள் போக
நாரை ஒன்று திட்டிக்கொண்டே போக
கட்டை அவிழ்க்க நான் போக
நின்றுவிட்டது.

ஒரு நிமிடம்கூட இல்லை.
திரும்ப இழுத்தால் திரும்ப அதே ஒரு நிமிடம்,
கடன்காரன் சொல்லும் நாளைக்கு மாதிரி.

அக்கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவன்
தலை தூக்காமல் கத்தினான்:
"காத்து!"

எட்டு மாதத்தில் முதல் சொல்.
காத்து வருது, போகாதே என்கிறானா?
கொண்டல் கிளம்பிவிட்டதா?
வானத்தைப் பார்த்தேன். ஓர் இலை ஆடவில்லை.
வையப் போகிறேன் என்று குனிந்தபோதுதான்
குழாய் நடுவே அந்த ரப்பர் குமிழைப் பார்த்தேன்,
சப்பிப்போய், பட்டினி கிடந்த கன்னமாட்டம்.

டேங்க் மூடியில்
சுண்டுவிரல் நகம் அளவு ஒரு திருகு.
மழை உள்ளே போய் முடிந்த பிறகு
மழைக்குப் பயந்து
நடுராத்திரி ஓடிவந்து
நான்தான் இறுக்கி அடைத்தேன்.
பெட்ரோல் வெளியே வர
காத்து உள்ளே போக வேண்டாமா?
மூச்சுமுட்டிச் சாகிற சத்தம்
ஆற்றைத் தாண்டி அவனுக்குக் கேட்டிருக்கிறது.
அவன் பாதியும் அதில்தானே சாகிறது.

திறந்தேன். உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டது.
குமிழை அமுக்கினேன், கன்னம் உப்பியது.
ஒரே இழுப்பு.

அவனைத் தாண்டும்போது
வேகத்தைக் குறைத்திருக்கலாம்.
ஒரு சொல்லுக்கு ஒரு சொல் பாக்கி.
உதடு அசைந்தது என்னவோ உண்மை.
இந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது,
அது ஒரு வசதி.

இன்று புதன்.
ராத்திரி மோட்டாரை அவன் துறையில் விடும்போது
திருகைத் திறந்தே வைக்க வேண்டும்.
மழை வந்தால் மேலே கவிழ்க்க
தண்ணீர் இறைக்கிற கொட்டாங்கச்சி
படகில் கிடக்கிறது.
அதையும் சேர்த்து வைத்துவிடலாம்.