அனங்காமல்

அருமனையில் செங்கவருக்கை உதிரும் மாதம்.
வேளாண் ஆபீஸ் பியூலா
ஐஸ் பெட்டியில் இருநூறு குளவியோடு வந்தாள்.
"குத்துமா?"
"உமக்குள்ள புழு உண்டுமா? பின்ன என்ன பயம்?"

மூடியைத் திறந்தாள். எறும்பு அளவுதான்.
ஒன்று, மழையில் விழுந்த பழத்தில் இறங்கி
காலால் கேட்டது:
தோலுக்கு அடியில்
பழ ஈயின் புழு தின்று நகரும் அதிர்வை.
மயிரிழை ஊசியை நீட்டியது, நிறுத்தியது.

"அறிஞ்சுட்டுது. அனங்காம கெடந்தா தப்பிச்சுக்கும்" என்றாள்.

அது எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமை லோன்காரன் பைக்
கேட்டுக்கு வெளியே உறுமும்போது
ஃபேனையும் நிறுத்திவிட்டு
ஐந்துபேர் கிடக்கிறோம்,
இளையவள் வாயில் என் கை.

பழத்துக்குள் சத்தமில்லை.
குளவி அடுத்த பழத்துக்குப் போகவில்லை.
எவ்வளவு நேரம்?
புழுவுக்குப் பசிக்குமே.

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்,
யார் பக்கம் என்று தெரியாமல்.