ஐந்தரை மணி நேரம்

கத்திரி முடியும்வரை
பகலில் எதையும் நகலெடுப்பதில்லை.
போன வாரம் பெரிய டிஸ்க்கில் கை வைத்தேன்:
ஐம்பத்தாறு டிகிரி என்றது திரை,
தோசைக்கல் என்றது விரல்.

ஆகவே இன்று, டூட்டி இல்லாத ஒரே இரவு.
காட்பாடி ஸ்டேஷனில் ஏதோ ரயிலின் தாமதத்துக்கு
மூன்று மொழியில் வருந்துகிறார்கள்.
ஃபேனை சிபியூ பக்கம் திருப்பிவிட்டு
வியர்த்தபடி பட்டனை அழுத்துகிறேன்.

கறுப்புத் திரையில் இரண்டு வரி.
மேலே என் லினக்ஸ், கீழே அவர் விண்டோஸ்.
பத்து நொடிக்குள் சொல்லவேண்டும் யாரென்று.
சொல்லாவிட்டால் நான்தான்.
அப்படி வைத்ததும் நான்தான்.

பொது டிரைவில் எழுதப்போனால் மறுக்கிறது.
விண்டோஸ் முழுதாக அணையவில்லையாம்,
பாதித் தூக்கமாம்,
பார்க்கலாம், தொடக்கூடாதாம்.
உள்ளே தணிகைவேலின் குறட்டை.
அவர் பக்கம் போய், ஷிஃப்டை அழுத்தி
ஒழுங்காக அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

டேலி புதுசு. டேலி புதுசு கடைசி. கடைசி இதுதான்.
ரேஷன் கார்டு ஒன்பது பிரதி.
வீட்டுக் கடன் பத்திரம் ஒன்றே ஒன்று,
அதுவும் தலைகீழாக ஸ்கேன் செய்தது.
அழிக்குமுன் ஒத்திகை பார்ப்பது என் வழக்கம்:
எதெது போகும் என்று பட்டியல் மட்டும் காட்டு,
எதிலும் கை வைக்காதே.
பட்டியல் ஓடி முடிய ஒரு டீ ஆறிவிட்டது.

ஒரு டிஸ்க் பீரோவில், கூரைப்புடவைக்கு அடியில்.
இன்னொன்று குடியாத்தத்தில்.
தீயும் திருட்டும் ஒரே நாளில்
இரண்டு ஊருக்கு வராது என்று கணக்கு.
வெள்ளத்தையும் சேர்த்துச் சொன்னபோது,
பாலாற்றிலா, என்று சிரித்தவர்
அந்த நவம்பருக்குப் பிறகு சிரிப்பதில்லை.
துண்டில் சுற்றி, டிபன் பையில் போட்டு
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
"மருந்தாம்மா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
ஆமாம் என்றேன்.
நாத்தனார் ஜமுனா அதை அரிசி டிரம்மில் புதைத்திருக்கிறாள்.
ஈரம் ஏறாதாம்.
போன முறை யூஎஸ்பி துளையிலிருந்து
ஒரு வண்டு இறங்கி நடந்தது.

எல்லாம் முடிந்தது. கடிகாரம்தான் பாக்கி.
மதர்போர்டில் இருப்பது ஒரே மணி,
இரண்டு பேரும் வேறு வேறாகப் படிக்கிறார்கள்.
நான் அணைத்துவிட்டுப் போனால்
அவருடைய காலை ஏழு, ஒன்றரை.
அவர் அணைத்துவிட்டு ராணிப்பேட்டை போனால்
என்னுடைய எட்டரை, மதியம் இரண்டு.
"இன்னா இது, மறுபடியும் ஒண்ணரைன்னு காட்டுது?"
ஒரே வரியில் சரிசெய்யலாம்.
எழுதத் தெரியும்.
மூன்று வருஷமாக எழுதவில்லை.

ஆஸ்பத்திரி லேபிலிருந்து பாலம் தாண்டி
நான் வந்து சேரும்போது
வாரத்தில் ஆறு நாள் வீடு பூட்டியிருக்கும்.
கொடியில் ஈரத்துண்டு. கவிழ்த்த தட்டு.
பையை வைத்துவிட்டு முதலில் இதைத்தான் போடுவேன்.
மணி ஐந்தரை தள்ளி நின்றால்
இந்த நாற்காலியில்
சற்றுமுன் உட்கார்ந்திருந்தார்.